சான்றிதழுக்காக ஓடும் பிள்ளை: விளையாட்டில் பெற்றோர் அழுத்தம் எப்படி வேலை செய்கிறது?

ஜனவரி பிறந்ததும் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு விழத் தொடங்கிவிடும். முதலில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள், பின்னர் கோட்ட, வலயப் போட்டிகள், மார்ச்சில் பெருந் துடுப்பாட்டச் சமர்கள். இந்த மாதங்களில் பெற்றோர் மத்தியில் இரண்டு கேள்விகள் சுற்றிச் சுற்றி வரும். "பிள்ளையை விளையாட விட்டால் படிப்புக் கெடாதோ?" என்பது ஒன்று. "விட்டாச்சு, இனி எப்படி முதலாம் இடம் எடுக்க வைக்கிறது?" என்பது மற்றது. கேட்பவர்கள் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பவர்கள் போலத் தெரிந்தாலும் இரண்டு கேள்விக்கும் அடியில் கிடப்பது ஒரே கணக்குத்தான்: இந்த விளையாட்டால் பிள்ளையின் கையில் என்ன வந்து சேரும்?

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, பிள்ளைக்குள் அது என்ன செய்கிறது, மகிழ்ச்சியாக ஆடும் பிள்ளையே ஏன் நீண்டகாலம் மைதானத்தில் நிற்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## அழுத்தம் எது?

"நான் ஒருநாளும் பிள்ளைக்கு ஏசினதில்லை, பிறகென்ன அழுத்தம்?" என்று கேட்கும் பெற்றோர் பலர். ஏச்சும் அடியும் மட்டும்தான் அழுத்தம் என்றால் அவர்கள் கேட்பது நியாயம். ஆனால் விளையாட்டு உளவியல் இதை வேறு கோணத்தில் பார்க்கிறது. தோற்றாலோ சரியாக ஆடாவிட்டாலோ வீட்டில் தனக்குக் கிடைக்கும் அன்பு, மதிப்பு, நிம்மதி இவற்றில் ஏதோ ஒன்று குறைந்துவிடும் என்று பிள்ளை நம்பத் தொடங்கினால், அங்கே அழுத்தம் இருக்கிறது. பெற்றோர் என்ன நினைத்துச் செய்தார்கள் என்பது இதில் இரண்டாம் பட்சம். பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதே அளவுகோல்.

எங்கள் மைதானங்களில் இது வழக்கமாக இப்படி வெளிப்படும்:

1. கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது. "ஓடு, ஓடு, திரும்பிப் பார்க்காதை!" "ஏன் அந்தப் பந்தைத் தொட்டனீ?" பயிற்சி தரும் சேர் ஒன்று சொல்லியிருப்பார், அப்பா வேறொன்று சொல்லுவார். பிள்ளை யார் சொல்லைக் கேட்பது என்று தெரியாமல் முழிக்கும். முன்பள்ளி விளையாட்டு விழாவில் தேசிக்காய் ஓட்டம் ஓடும் பிள்ளைக்குப் பக்கத்தில் தாயும் சேர்ந்து ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்த ஓட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2. வீடு திரும்பும் வழி. முன்னால் மோட்டார் சைக்கிள் ஓட்டும் அப்பா, பின்னால் பிள்ளை. தோற்ற கவலை ஆறுவதற்குள் விசாரணை தொடங்கிவிடும். முகம் பார்க்காமல் கேட்கப்படும் கேள்விகள், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வரும் பதில்கள். சில வீடுகளில் கேள்வியே இராது. வாய் திறக்காமல் வண்டி ஓட்டுவார்கள். ஏச்சைவிட அந்தப் பேசாமை சில பிள்ளைகளை அதிகம் வருத்தும்.

3. ஒப்பீடு. "மற்றப் பெடியன் எத்தினை ரன் அடிச்சவன்?"

4. செலவைச் சொல்லிக்காட்டுவது. சப்பாத்து, துடுப்பு, பயிற்சிக் கட்டணம், பெற்றோல். சொல்லிக்காட்டியவுடன் அது பிள்ளையின் தலையில் கடனாக ஏறிவிடுகிறது.

5. விலக்கி எடுப்பது. "விளையாடினது காணும், வந்து படி." இதையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

விடியற்காலை நான்கரைக்கு எழும்பித் தேநீர் போட்டுக் கொடுத்துப் பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிடும் தாயின் செயல் ஆதரவாகவும் இருக்கலாம், அழுத்தமாகவும் இருக்கலாம். இன்றைக்குத் தோற்றால் நாளைக்கும் அதே தேநீர், அதே முகம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அது ஆதரவு.

## பரீட்சைக் கணக்கு மைதானத்துக்கு வந்த வழி

யாழ்ப்பாணத்துப் பிள்ளை 10 வயதில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு முகங்கொடுக்கிறது. வெட்டுப்புள்ளிக்கு மேலே, கீழே என்று பிரிக்கப்படுவதும், சித்தியடைந்த பிள்ளையின் படம் பத்திரிகையில் வருவதும், ரியூசன் வாசலில் பதாகை தொங்குவதும் அந்த வயதிலேயே நடந்துவிடும். அதன் பிறகு க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி. இந்த ஓட்டத்தை வெறும் பெருமைக்கான ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. இடம்பெயர்ந்தபோது காணியும் வீடும் கடையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்குப் படிப்பு ஒன்றுதான் கூடவே வந்த சொத்து. அந்தப் பயம் அடுத்த தலைமுறைக்கும் இறங்கியிருக்கிறது. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு இந்த விடயத்தைப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், பரீட்சைக்குப் பழகிய மனம் விளையாட்டையும் பரீட்சையாகவே பார்க்கிறது. பாடசாலை விளையாட்டின் அமைப்பும் அதற்கு வசதியாக இருக்கிறது. யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள். கோட்டத்தில் வென்றால் வலயம், வலயத்தில் வென்றால் மாகாணம், அதற்கு மேல் தேசிய மட்டம். படிக்குப் படி ஒரு சான்றிதழ். அவற்றை நெகிழிக் கோப்பில் போட்டு அடுக்கிவைப்பது எங்கள் வீடுகளில் ஒரு கலை.

அந்தச் சான்றிதழ்களின் உண்மையான பெறுமதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கல்வி தவிர்ந்த துறைகளில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு விசேட ஒதுக்கீடு இருக்கிறது; "விளையாட்டாலும் கம்பஸ் போகலாம்" என்ற பேச்சு அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் அது தேசிய, சர்வதேச மட்டத்தில் பெயர் எடுத்தவர்களுக்கானது. இடங்களும் மிகக் குறைவு. அவர்களும் உயர்தரப் பரீட்சையில் அடிப்படைத் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். 12 வயதுப் பிரிவில் 100 மீற்றரில் வலய மட்டத்தில் எடுத்த மூன்றாமிடம் அந்தக் கதவை அசைக்காது. ஆக, பிள்ளையின் பத்து, பதினொரு வயதை எந்தச் சான்றிதழுக்காக நெருக்குகிறோமோ, அந்தச் சான்றிதழுக்குச் சந்தையில் விலையே இல்லை. அந்த வயதில் விளையாட்டு தரக்கூடிய நிலையான வரவு ஒன்றுதான்: அடுத்த வருடமும் ஆட வேண்டும் என்ற ஆசை.

இந்தக் கணக்கோடு உள்ளூர்க் காரணங்கள் இரண்டு சேர்கின்றன. ஒன்று, பெரும் போட்டிகள். யாழ். மத்திய கல்லூரிக்கும் யாழ். சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. சென் பற்றிக்ஸ் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, யாழ் இந்து, கொக்குவில் இந்து என்று மற்றப் பாடசாலைகளுக்கும் தங்கள் தங்கள் சமர்கள் உண்டு. பாண்ட் வாத்தியம், கொடி, பழைய மாணவர் கூட்டம் எல்லாம் சேர்ந்த ஊர்த் திருவிழா அது. அது வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நடுவில் நிற்பவன் 18 வயதுப் பெடியன் என்பது அந்த ஆரவாரத்தில் மறந்துபோகிறது.

இரண்டாவது, புலம்பெயர்ந்த உறவுகள். வலைப் பயிற்சித் தளம், பயிற்றுநர் சம்பளம், உபகரணம் என்று பழைய மாணவர் சங்கங்களின் வெளிநாட்டுக் கிளைகள் கொடுக்காதிருந்தால் இங்கே பல பாடசாலைகளில் கடினப்பந்துத் துடுப்பாட்டமே நின்றிருக்கும். கொடுப்பவர்கள் பார்க்கவும் விரும்புகிறார்கள். நேரலையில் பிடி ஒன்று தவறினால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து கருத்துகள் வந்து விழுகின்றன. அந்தப் பெடியன் அன்றிரவு கைப்பேசியில் அத்தனையையும் வாசிப்பான்.

குருநகர், நாவாந்துறை போன்ற கரையோர ஊர்களின் உதைபந்தாட்டத்தில் அழுத்தத்தின் நிறம் சற்று வேறு. அங்கே சான்றிதழ் முக்கியமில்லை, ஊரின் மானம்தான். இந்தக் கட்டுரைக்குள் அது அடங்காது.

## மகிழ்ச்சிக்குள் என்ன இருக்கிறது?

"சந்தோசமாக விளையாடட்டும்" என்றால் பயிற்சி இல்லாமல், ஒழுங்கு இல்லாமல் கும்மாளம் போடுவது என்று பலர் விளங்கிக்கொள்கிறார்கள். பிள்ளைகளையே கேட்டால் பதில் அப்படி வரவில்லை. அமெரிக்காவின் ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் அமண்டா விசெக்கும் குழுவினரும் உதைபந்தாட்டம் ஆடும் சிறுவர்கள், பயிற்றுநர்கள், பெற்றோரிடம் விளையாட்டை மகிழ்ச்சியாக்குவது எது என்று கேட்டு 81 காரணிகளைத் தொகுத்தார்கள். முன்வரிசையில் வந்தவை முழு மூச்சாக முயற்சிப்பது, அணித் தோழர்களோடு நல்லபடி இருப்பது, மரியாதையாக நடத்தும் பயிற்றுநர். வெல்வது 48ஆம் இடத்தில் கிடந்தது. பிள்ளைகளுக்கு வெல்ல விருப்பமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஆட்டம் நடக்கும்போது வெல்லத்தான் துடிப்பார்கள். ஆனால் அடுத்த நாள் அவர்களைத் திரும்ப மைதானத்துக்கு இழுத்து வருவது வேறு காரணங்கள்.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் றிச்சர்ட் ரயனும் இதற்கு ஒரு அடித்தளம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் உள்ளார்ந்த விருப்பத்தோடு ஒரு காரியத்தில் நிலைத்திருக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்பது அவர்களின் கோட்பாடு:

1. தன்விருப்பம்: இதை நானே தெரிந்தெடுத்தேன் என்ற உணர்வு.
2. இயலுமை: நேற்று முடியாதது இன்று முடிகிறது என்ற உணர்வு.
3. உறவு: இங்கே என்னை எதிர்பார்க்கும் சிலர் இருக்கிறார்கள் என்ற உணர்வு.

எங்கள் ஊர்க் கிளித்தட்டு இந்த மூன்றையும் எந்தக் கோட்பாடும் தெரியாமல் தந்துகொண்டிருந்தது. கோடு கீறுவது, ஆள் பிரிப்பது, கிளியாக யார் நிற்பது, தொட்டதா தொடவில்லையா என்ற சண்டை, அதைத் தீர்ப்பது எல்லாம் பிள்ளைகளின் பாடு. பெரியவர்கள் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. விளக்கு வைக்கும் நேரம் அம்மா கூப்பிட்டால்தான் ஆட்டம் முடியும். இன்றைய பிள்ளைக்குப் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் இடையில் கிடைக்கும் ஒன்றரை மணித்தியாலமும் பெரியவர்கள் வகுத்த பயிற்சியிலேயே போகிறது. விளையாட்டில் தானாக எதையும் தீர்மானிக்காத பிள்ளை, அது தன்னுடைய விளையாட்டு என்று எப்படி நினைக்கும்?

## அழுத்தம் உள்ளே செய்யும் வேலை

1. காரணம் இடம்மாறுகிறது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிறீன், றிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் படம் கீறுவதில் ஆசையுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் படம் கீறினால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். மற்றொரு குழுவுக்குச் சொல்லாமல் பிறகு கொடுத்தார்கள். மூன்றாவதற்குப் பரிசே இல்லை. சில நாள் கழித்துப் பிள்ளைகளைத் தங்கள் பாட்டில் விட்டபோது, பரிசை எதிர்பார்த்துக் கீறிய குழு மற்றவர்களின் ஏறக்குறைய அரைவாசி நேரம்தான் படம் கீறியது. அந்தப் பரிசு என்ன தெரியுமா? நாடாவும் பொன்னிற முத்திரையும் வைத்த ஒரு சான்றிதழ். விருப்பத்தால் செய்த காரியம் கூலிக்குச் செய்யும் காரியமாக மாறினால், கூலி நிற்கும் நாளில் காரியமும் நின்றுவிடுகிறது. சொல்லாமல் கொடுத்த பரிசு இந்தக் கெடுதலைச் செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆகவே பரிசளிப்பு விழாவையே நிறுத்த வேண்டியதில்லை. "முதலாம் இடம் எடுத்தால் சைக்கிள்" என்ற பேரம்தான் பிரச்சினை.

2. உடல் அறிந்ததை மூளை குழப்புகிறது. நன்றாகப் பழகிய அசைவு தன்பாட்டில் நடக்கும். துடுப்பாட்டக்காரர் முழங்கையை எங்கே வைப்பது என்று யோசித்து ஆடுவதில்லை. தவறினால் என்ன நடக்கும் என்ற பயம் வந்தவுடன் கவனம் பந்தை விட்டுத் தன் உடம்பின் பக்கம் திரும்புகிறது. தானாக நடந்தது துண்டு துண்டாகச் சிந்திக்கப்பட்டுத் தடுமாறுகிறது. எல்லைக்கோட்டிலிருந்து "முழங்கையைத் தூக்கு!" என்று கத்தும் அப்பா செய்துகொண்டிருப்பது இதைத்தான். பயிற்சியில் நன்றாக அடிக்கும் பெடியன் அப்பா வரும் நாட்களில் மட்டும் ஆட்டமிழந்தால், காரணத்தை நுட்பத்தில் தேடிப் பயனில்லை.

3. செலவு கூடக் கூட மகிழ்ச்சி குறைகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குடும்ப வருமானத்தில் விளையாட்டுக்கு அதிக பங்கு செலவான வீடுகளில் பிள்ளைகள் அதிக அழுத்தத்தை உணர்ந்தார்கள்; அழுத்தம் கூடிய இடத்தில் மகிழ்ச்சியும், தொடர்ந்து ஆடும் எண்ணமும் குறைந்திருந்தன. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. போட்ட காசுக்குப் பலன் தேடுவது மனித இயல்பு. வாரத்துக்கு மூன்று நாள் தனியார் பயிற்சி, வெளிநாட்டு மாமா அனுப்பிய விலையான துடுப்பு என்று குவியும்போது அந்தத் தேடல் வீட்டில் எல்லோருடைய முகத்திலும் தெரியும்.

4. வலியை மறைக்கும் பழக்கம் வருகிறது. இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். வளரும் வயதில் எலும்பு நுனிகளில் இருக்கும் வளர்ச்சிப் பகுதி மென்மையானது. திரும்பத் திரும்ப ஒரே சுமை விழுந்தால் குதியிலும் முழங்காலுக்குக் கீழும் வலி வரும். வேகப்பந்து வீசும் சிறுவர்களுக்குக் கீழ் முதுகெலும்பில் அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் வெடிப்பு) வருவது துடுப்பாட்ட உலகம் நன்கு அறிந்த ஆபத்து. இங்கிலாந்தில் பல காலம் இருந்த வழிகாட்டல், 13 வயது வரையான வேகப்பந்து வீச்சாளர் தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர், அதற்கு மேல் வீசக்கூடாது என்றது. இங்கே நன்றாக வீசும் பெடியனுக்குக் காலையில் பாடசாலை, பின்னேரம் கழகம், ஞாயிறு மென்பந்துச் சுற்றுப்போட்டி. மூன்று இடத்து ஓவர்களையும் கூட்டிப் பார்க்க யாரும் இல்லை. வலிக்கிறது என்று சொன்னால் இடம் போய்விடும், அப்பா கவலைப்படுவார் என்று நினைக்கும் பிள்ளை சொல்லாமல் விட்டுவிடும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை எளிமையானது: வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் ஓய்வு, முக்கிய விளையாட்டிலிருந்து ஆண்டில் மொத்தம் 3 மாத இடைவெளி, ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிவைப்பது. நித்திரையையும் இதோடு சேர்க்க வேண்டும். 6 முதல் 12 வயதுக்கு 9 தொடக்கம் 12 மணித்தியாலம், பதின்ம வயதினருக்கு 8 தொடக்கம் 10 மணித்தியாலம் தேவை. விடிய ஐந்து மணி ரியூசன், பின்னேரப் பயிற்சி, இரவு ரியூசன் என்று ஓடும் தரம் 10 பிள்ளையின் நாளில் இதை எங்கே வைப்பது? எதையாவது குறைத்தே ஆக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கடைசியில் குறைவது நித்திரைதான்.

## 12 வயதுச் சாம்பியன் என்ற கணக்குப் பிழை

வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 எல்லைத் திகதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்பார்கள். 11 வயதில் ஒரு வருட வித்தியாசம் பெரியது. 1985இல் கனடாவின் பனி ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்த றோஜர் பார்ன்ஸ்லி குழுவினர், ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருப்பதைக் காட்டினார்கள். பிறகு வேறு பல விளையாட்டுகளிலும் இதே போக்குக் காணப்பட்டது. முந்திப் பிறந்தவர் திறமைசாலி என்று தெரிவாகிறார், தெரிவானதால் கூடுதல் பயிற்சி பெறுகிறார், பயிற்சியால் உண்மையிலேயே திறமைசாலியாகிறார். பிந்திப் பிறந்தவர் 13 வயதில் "எனக்கு ஓடத் தெரியாது" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்.

பருவமடையும் காலம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. மீசை முளைத்த 13 வயதுப் பெடியன் குண்டு எறிதலில் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிடுவான். 17 வயதில் எல்லோரும் வளர்ந்துவிட்ட பிறகு அந்த இடைவெளி மறைந்துவிடும். வெற்றியை மட்டுமே சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன் அந்த நாளில் தாங்கமாட்டான். பலர் சரியாக அங்கேதான் விலகுகிறார்கள். சாதாரண தரப் பரீட்சையும் அதே காலத்தில் வருவதால் "படிப்புக்காக விட்டவன்" என்று கௌரவமான காரணம் கிடைத்துவிடுகிறது.

2022இல் விளையாட்டு ஆய்வாளர் ஆர்னே கூலிக் குழுவினர், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து வெளியிட்ட தொகுப்பாய்வு 6,096 விளையாட்டு வீரர்களின் தரவுகளைப் பார்த்தது. அவர்களில் 772 பேர் உலகத் தரத்தினர். உலகத் தரத்தை எட்டியவர்கள், தேசிய மட்டத்தோடு நின்றவர்களைவிடச் சிறுவயதில் பல விளையாட்டுகள் ஆடியவர்கள், தங்கள் முக்கிய விளையாட்டைப் பிந்தித் தொடங்கியவர்கள், ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறியவர்கள்.

இதற்கு எங்கள் ஊரிலேயே வைத்துப் பார்க்க ஒருவரின் கதை இருக்கிறது. யாழ். மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார், 1956 மெல்பேணிலும் பாய்ந்தார். 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தபோது அவருக்கு வயது 23. 1962இல் வெள்ளி. அதே மனிதர் கலிபோர்னியாவிலும் கோர்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்துக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். "விளையாட்டா, படிப்பா?" என்று கேட்கும் பெற்றோர் அவருடைய கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

## பெண்பிள்ளைகளிடம் அழுத்தம் திசைமாறும்

ஆண்பிள்ளைக்கு "வெல்லு" என்று வரும் அழுத்தம், பெண்பிள்ளை வளர வளர "நிற்பாட்டு" என்று மாறுகிறது. பெரியபிள்ளை ஆனதும் அரைக்காற்சட்டை, வெயில், இருட்டும் நேரம், ஆண் பயிற்றுநர் என்று காரணங்கள் அடுக்கப்படும். அதுவும் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்காத முடிவு; அதனால்தான் அழுத்தங்களின் பட்டியலில் விலக்கி எடுப்பதையும் சேர்த்தேன். இருட்டுக்கும் பாதுகாப்புக்கும் பயப்படுவது நியாயம், அதற்குப் பயிற்சி நேரத்தை மாற்றலாம், கூட ஒருவர் வரலாம். ஊர் வாய்க்குப் பயப்படுவது வேறு விடயம். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் இருந்து வந்து கோலூன்றிப் பாய்தலில் தேசியச் சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரனும், 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் ஆடிய தர்ஜினி சிவலிங்கமும் இந்த மாவட்டத்துப் பெண்கள்தான். தர்ஜினி 30 வயதைத் தாண்டிய பின்னும் நாட்டுக்காக ஆடினார்.

## "அழுத்தம் இல்லாமல் வெற்றி வருமா?"

நியாயமான கேள்வி. நோர்வேயில் வாழும் எங்கள் உறவினர்களின் பிள்ளைகள் இதற்குப் பதிலாக அமைந்த ஒரு விதிக்குள்தான் ஆடுகிறார்கள். அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பின் சிறுவர் விதிகளின்படி, பிள்ளை 11 வயதை அடையும் ஆண்டு வரை புள்ளிப் பட்டியலும் தரவரிசையும் இல்லை. தேசியச் சாம்பியன் போட்டிகள் 13 வயதிலிருந்துதான். இப்படி வளர்ந்த, ஏறக்குறைய 55 இலட்சம் மக்கள் கொண்ட நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களும், 2022இல் 16 தங்கப் பதக்கங்களும் எடுத்தது. பனியும் பணமும் உள்ள நாடு என்பது உண்மை. விதி மட்டும் பதக்கம் தரவில்லை. ஆனால் பிந்தி எண்ணத் தொடங்கியதால் எதையும் இழக்கவில்லை என்பதும் உண்மை.

பிள்ளையே தன்னை நெருக்கிக்கொள்வது வேறு. "இன்னும் அரை மணித்தியாலம் அடிச்சிட்டு வாறன் அப்பா" என்று சொல்லும் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. 2024இல் ஐபிஎல்லில் சன்றைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகப் பந்துவீசிய யாழ். மத்திய கல்லூரிப் பழைய மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்தைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைகள் இன்று பலர். ஆசை பிள்ளையிடம் இருக்கும்வரை அது எரிபொருள். அப்பாவிடம் மட்டும் இருந்தால் சுமை.

## எதை மாற்றலாம்?

வீட்டில் மாற்ற வேண்டியது அதிகமில்லை. போட்டி முடிந்த அன்று ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளை பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள். திருத்தம் சேரின் வேலை. செலவைப் பிள்ளைக்கு முன்னால் கூட்டிப் பார்க்காதீர்கள். வசதிக்கு மிஞ்சிச் செலவழிப்பதே பெரும்பாலும் தேவையில்லை. 12 வயதுக்குள் விலையான உபகரணம் எதையும் பெரிதாக மாற்றாது.

பாடசாலைகளும் கழகங்களும் செய்யக்கூடியது இன்னும் அதிகம்:

1. 12 வயதுக்குட்பட்ட துடுப்பாட்டத்தில் இருவர் இருவராக இணைந்து குறித்த ஓவர்கள் ஆடும் முறையைக் கொண்டுவரலாம். ஆட்டமிழந்தால் சில ஓட்டங்கள் கழிக்கப்படும், ஆனால் பிள்ளை வெளியேற வேண்டியதில்லை. முதல் பந்தில் போய் மூன்று மணித்தியாலம் மரநிழலில் இருக்கும் பிள்ளை எதைப் பழகும்?

2. உதைபந்தாட்டத்தில் சிறிய மைதானம், சிறிய அணி. இங்கிலாந்தில் 10 வயதுக்குட்பட்டோர் 7 பேர் கொண்ட அணியாகவும், 12 வயதுக்குட்பட்டோர் 9 பேராகவும் ஆடப் பழக்கப்பட்டார்கள். ஆள் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து அடிக்கடி வரும்.

3. பருவம் தொடங்கும் முன் பெற்றோரைக் கூப்பிட்டு ஒருமுறை பேச வேண்டும். கோட்டுக்கு வெளியே எங்கே நிற்பது, கைதட்டலாம், ஆனால் வேறு எதைச் செய்யக்கூடாது, தெரிவில் முறைப்பாடு இருந்தால் யாரிடம் எப்போது சொல்வது. மைதானத்தில் அல்ல, மறுநாள்.

4. வேகப்பந்து வீச்சாளர்களின் ஓவர்களைப் பாடசாலையும் கழகமும் ஒரே கொப்பியில் எழுத வேண்டும்.

பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் அணிக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை இரண்டாம், மூன்றாம் அணிகளுக்கு ஒதுக்குங்கள். நேரலைக்குக் கீழே வரும் கருத்துகளைப் போட்டி நாளில் மூடிவைக்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவும் இல்லை.

## பிள்ளை "விடப்போறன்" என்றால்

பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம் இது. உடனே சம்மதிப்பதும் உடனே மறுப்பதும் இரண்டும் பிழை. முதலில் மூன்றைப் பிரித்தறிய வேண்டும்.

உடம்பில் வலி இருக்கிறதா? இரண்டு வாரம் தாண்டிய வலி, இரவில் எழுப்பும் வலி, நொண்டல் இருந்தால் வைத்தியரிடம் காட்டிய பிறகுதான் மற்றப் பேச்சு.

மைதானத்தில் யாருக்காவது பயப்படுகிறதா? மூத்த மாணவர், பயிற்றுநர், அணித் தோழர் யாராகவும் இருக்கலாம். நேற்றுவரை ஆசையாகப் போன பிள்ளை காரணம் சொல்லாமல் திடீரென்று மறுத்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்படியென்றால் பருவம் முடியும்வரை பொறுத்துக்கொள் என்று சொல்லக்கூடாது. அன்றைக்கே நிறுத்தி, அதிபரிடம் போக வேண்டும்.

இரண்டும் இல்லை, வெறுமனே அலுத்துவிட்டது என்றால், அணிக்குக் கொடுத்த வாக்குக்காக அந்தப் பருவத்தை முடிக்கச் சொல்லலாம். அதன் பிறகு ஒரு மாதம் அந்தப் பேச்சே எடுக்காமல் விடுங்கள். பல பிள்ளைகள் அந்த மாதத்துக்குள் தாங்களாகவே பந்தைத் தேடுவார்கள். தேடாவிட்டால் அந்த விளையாட்டு அந்தப் பிள்ளைக்கு முடிந்தது. அடுத்து எதை ஆடுவது, ஆடுவதா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். சதுரங்கம் என்று சொல்லலாம், நீச்சல் என்று சொல்லலாம், பக்கத்து வளவுப் பெடியளோடு மென்பந்து போதும் என்றும் சொல்லலாம்.